கண்பட்ட குட்டித் தேர்

குன்றக்கரை மன்னர் மாறவேலரிடம் பெரிய தேர்கள் ஏழு இருந்தன. ஆனால் அவருடைய ஆசையெல்லாம் ஒரு குட்டித் தேர் மேல்தான். ஒற்றைக் குதிரை இழுக்கும். பின்னால் இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவது ஆள் ஏறினால் முதல் ஆள் இறங்கிவிட வேண்டும்.

வேங்கைநாட்டுப் பட்டறையில் செய்த தேர் அது. புதியதல்ல. வாங்கிக் கொடுத்தவர் லாயத்து அதிகாரி வல்லபராயர். ஒரே கைதான் மாறியிருக்கிறது, முன்பு வைத்திருந்தவர் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மட்டும்தான் எடுப்பார் என்று அவர் சொல்ல, மன்னர் மயங்கிவிட்டார்.

மூன்றாம் நாளே ஒரு திருப்பத்தில் கதவு தானாகத் திறந்துகொண்டது. அடுத்த மழையில் கூரை ஒழுகியது, அதுவும் மன்னர் உட்காரும் பக்கம் மட்டும். சக்கரத்தை நிறுத்தும் கட்டை மேடு ஏறும்போது இறுகப் பிடித்தது, இறங்கும்போது ஓய்வெடுத்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் ராயர் கண்பட்டுவிட்டது என்றார். ஒரு சரம் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டினார். நாலு மாதத்தில் தேர் ஊறுகாய்க் கடை மாதிரி ஆகிவிட்டது. காற்றடித்தால் குதிரை தும்மியது.

ஒருநாள் காலை அந்தப் பட்டறையிலிருந்து தூதர் ஒருவர் வந்தார். கையில் ஓர் ஓலை. அதில் இப்படி எழுதியிருந்தது: 'சென்ற ஆண்டு ஆடி மாதம் செய்த குட்டித் தேர்கள் அனைத்திலும் வலச் சக்கரத்து அச்சாணியின் வார்ப்பு பிசகிவிட்டது. சரிவில் இறங்கினால் முறியும். பழைய அச்சாணியைத் திருப்பித் தாருங்கள், புதியது இலவசம்.'

மன்னருக்கு முகம் சிவந்துவிட்டது. விற்ற பொருளைத் திருப்பிக் கேட்பதா? அவருடைய பரம்பரையில் யாரும் கேட்காத அவமானம். "வயிற்றெரிச்சல் மன்னா. நம் தேரைப் பார்த்து அவர்களுக்குப் பொறுக்கவில்லை" என்று ராயர் எண்ணெய் ஊற்றினார்.

மன்னர் அந்த இடத்திலேயே ஆணையிட்டார். தேரிலிருந்து ஒரு துரும்புகூடத் திரும்பிப் போகாது. தேரில் குறை இருப்பதாகச் சொல்பவர் நாடு கடத்தப்படுவார். நாளைக் காலை மன்னரும் அரசியும் இதே தேரில் மலைச் சரிவில் இறங்கி ஆற்றுத் திருவிழாவுக்குப் போவார்கள்.

ஓட்டப்போகிறவர் இருளப்பன். ஆணையைக் கேட்டதும் அவர் நேராக ஓடியது சேந்தன் வீட்டுக்கு. சேந்தன் அரசவையில் இருப்பவர். அங்கே அவருக்கு என்ன வேலை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. சிக்கல் வந்தால் மட்டும் எல்லாரும் அவரைத் தேடுவார்கள். அவருடைய தங்கையைத்தான் இருளப்பன் கட்டியிருந்தார்.

"மச்சான், நாளைக்கு உன் தங்கச்சி தாலி அந்த அச்சாணியிலதான் தொங்குது" என்றார் இருளப்பன்.

சேந்தனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று உயிர் போகும். வாயைத் திறந்தால் ஊரை விட்டே போகவேண்டும். பாதிச் சோற்றில் கை கழுவியவர், அரண்மனைக்குப் போகும் வழியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அவையில் அவர் தேரைக் குறை சொல்லவே இல்லை. ராயரைத்தான் புகழ்ந்தார். ராயர் சொன்னதே சரி, இது கண்பட்டதன் வேலைதான் என்றார். பிறகு மெல்லக் கேட்டார்:

"இத்தனை எலுமிச்சை கட்டியும் ஏன் போகவில்லை மன்னா? கண் எங்கே விழுந்திருக்கிறது என்று தெரியாமல் கட்டினோம். இப்போது அவர்களே எழுதி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் கண் வலச் சக்கரத்து அச்சாணி மேல் இருக்கிறது."

மன்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பூசணிக்காயைச் சுற்றி உடைப்பதுபோல அந்த அச்சாணியையே தேருக்கு மூன்று தடவை சுற்றிக் கல்லில் போட்டால் கண் கழிந்துவிடும் என்றார் சேந்தன். நல்ல இரும்புக்கு ஒன்றும் ஆகாது. கழித்ததும் மறுபடி மாட்டிக்கொள்ளலாம். ராயரால் மறுக்க முடியவில்லை. கண்பட்ட கதையே அவருடையதுதானே? சுற்றிப் போடும் மரியாதையும் அவருக்கே கிடைத்தது.

முற்றத்தில் கூட்டம் கூடியது. அச்சாணி இருந்த இடத்தில் இருளப்பன் ஒரு மரக்கட்டையைச் செருகி வைத்தார். ராயர் அச்சாணியை மூன்று சுற்று சுற்றினார். அதற்குள் அவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஓங்கிப் போடவில்லை. தூங்கும் குழந்தையைப் பாயில் கிடத்துவதுபோலக் குனிந்து, கல்லுக்கு ஒரு சாண் மேலிருந்து மெதுவாக விட்டார்.

அச்சாணி அப்பளம்போல மூன்று துண்டானது.

குதிரை ஒரு தும்மல் போட்டது. மன்னர் துண்டுகளைப் பார்த்தார். மலைச் சரிவைப் பார்த்தார். பிறகு அரசியைப் பார்த்தார். அரசி அவரைப் பார்த்த பார்வையை இங்கே எழுதாமல் விடுவதே நல்லது.

மன்னர் குரலைக் கடுமையாக்கிக்கொண்டார். "சேந்தா, தேரில் குறை இருக்கிறது என்று ஊரறியச் சொல்லிவிட்டாய். ஆணை தெரியும் அல்லவா?"

"நான் எங்கே சொன்னேன் மன்னா? அச்சாணி சொன்னது. அதை நாடு கடத்துங்கள். வேங்கைநாடுதான் பக்கம். ராயரே கொண்டுபோய்ப் பட்டறை வாசலில் விட்டுவிட்டு வரட்டும். புதியதோடு அந்தத் தூதர் சத்திரத்தில்தான் காத்திருக்கிறார்."

மன்னர் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அரசி சிரித்தார், இருளப்பன் சிரித்தார், கூட்டமே சிரித்தது. மூன்று துண்டுகளையும் துணியில் கட்டிக்கொண்டு ராயர் அன்றே புறப்பட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்ட மன்னர் சேந்தனைப் பக்கத்தில் அழைத்தார். "எங்கள் உயிரைக் காப்பாற்றியிருக்கிறாய். உனக்குச் சின்னப் பரிசெல்லாம் போதாது. எனக்கு உயிரான இந்தக் குட்டித் தேரையே எடுத்துக்கொள்."

சேந்தன் கதவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், நாலு மாத எலுமிச்சையைப் பார்த்தார். பிறகு தரையில் விழுந்து கும்பிட்டார்.

"மன்னா, என்னை நாடு கடத்திவிடுங்கள்."