பலூனுக்குப் பின்னால் போன ஜீப்

உலகம்மையிடம் கேள்வி கேட்க நேரம் காலம் கிடையாது. அவர் பாத்திரம் துலக்கும்போதும் கேட்கலாம், நடக்கும்போதும் கேட்கலாம். பதில் எப்போது வரும் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

மலைச்சரிவில் ஓடு வேய்ந்த இரண்டு அறைகள்தான் அவருடைய குடில். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர், நாற்பது வயதில் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துகொண்டார். தேடி வருகிறவர்கள் அவரை அம்மா என்றார்கள். அவரைவிடப் பதினெட்டு வயது மூத்தவரான செங்கோடனும் அப்படித்தான் கூப்பிட்டார்.

செங்கோடன் நாமக்கல்காரர். முப்பத்தோரு வருடம் லாரி ஓட்டியவர். மனைவி இறந்த பிறகு குடிலுக்கு வந்து சேர்ந்தார். மூன்று வருடமாக அங்கேயே இருக்கிறார். ஒரே மகள் தமயந்தி வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு ஓசூருக்குப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகும் செங்கோடன் ஓசூர் வழியாக எத்தனையோ நடை போயிருக்கிறார். ஒரு தடவைகூட வண்டியை ஓரம் கட்டியதில்லை.

தை மாதத்தில் ஒரு சாயங்காலம் உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். செங்கோடன் எதிரே உட்கார்ந்தார்.

"அம்மா, என் மக மேல இப்ப கோவமில்லீங்க. அவ போனா போகட்டும்னு விட்டுட்டேன். அவளா திரும்பி வந்தா வேண்டாம்னு சொல்ல மாட்டேன். இதுக்குப் பேரு பற்று விட்டதுதானுங்களே?"

"சரி."

"அப்புறம் எதுக்குங்க மனசு அடங்க மாட்டேங்குது?"

உலகம்மை ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டார்.

"நாளைக்குக் கீழே பள்ளத்தாக்குல பலூன் திருவிழாவாம். போய்ப் பார்க்கலாமா? விடியறதுக்குள்ள போயிடணும்னு சொல்றாங்க."

மறுநாள் இருட்டோடு இருவரும் கீழே இறங்கினார்கள்.

பெரிய திருவிழா என்று சொல்ல முடியாது. ஐந்தே பலூன்கள். பள்ளி மைதானத்தில் கயிறு கட்டி ஆட்களை ஒதுக்கி நிறுத்தியிருந்தார்கள். தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள் மப்ளரும் போர்வையுமாக வந்து நின்றன. ஒரு பக்கம் மக்காச்சோளம் வெந்துகொண்டிருந்தது. புல்லில் நீளமாகக் கிடந்த துணிகளுக்குள் பெரிய மின்விசிறியால் காற்றை நிரப்பினார்கள். பிறகு நெருப்பை மூட்டியதும் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. அவ்வளவு பெரிய உருவம் அத்தனை மெதுவாக எழுந்திருப்பதைச் செங்கோடன் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு பலூன்கள் கிளம்பிவிட்டன. ஐந்தாவது, மஞ்சள் நிறப் பலூன், மட்டும் தரையிலேயே நின்றது. அதன் பைலட் ஜெரால்டு கூடைக்கு அருகில் போனும் கையுமாக நடந்துகொண்டிருந்தார். உலகம்மை போய் என்னவென்று விசாரித்தார். பலூன் எங்கே இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஏறவும் இறங்கவும்தான் தன்னால் முடியும், திசை காற்றினுடையது என்றார் அவர். அதனால் கீழே ஒரு ஜீப் தொடர்ந்து வரவேண்டும். ஜீப் ஓட்டுகிறவருக்கு ராத்திரியிலிருந்து காய்ச்சல். இன்னும் அரை மணி நேரத்தில் வெயில் ஏறினால் காற்று பலமாகிவிடும், பறக்க முடியாது.

உலகம்மை திரும்பிப் பார்த்தார்.

"இவர் லாரி ஓட்டினவர்."

ஜெரால்டு செங்கோடனின் கைகளைப் பிடித்துக்கொண்டார். நன்றிக்காகவோ என்னவோ, கூடையில் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது, நீங்கள் வருகிறீர்களா என்று உலகம்மையைக் கேட்டார். உலகம்மை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டார். செங்கோடன் வேண்டாம் என்று சொல்ல வாய் எடுப்பதற்குள் கூடை தரையை விட்டிருந்தது.

ஜீப்பின் பின்னால் உதவிக்கு இரண்டு ஆட்கள் ஏறினார்கள். அவர்களும் வெளியூர்தான், பாதை தெரியாது. செங்கோடன் வண்டியை எடுத்தார்.

முதலில் சுலபமாகத்தான் இருந்தது. மஞ்சள் பலூன் சாலைக்கு மேலேயே மிதந்தது. பிறகு அது இடப்பக்கம் சாய்ந்து மலைமுகட்டைத் தாண்டிப் போயிற்று. சாலை வலப்பக்கம் வளைந்தது. கையில் கொடுத்திருந்த வாக்கிடாக்கி இரைந்துவிட்டு ஓய்ந்தது.

இடப்பக்கம் போகும் முதல் பாதையில் திருப்பினார். அது ஒரு கல் குவாரியில் போய் முடிந்தது. திரும்பினார். அடுத்த பாதையில் ஒரு எஸ்டேட் கேட். காவலாளி திறக்க மறுத்துவிட்டார். முதலாளி உத்தரவு இல்லையாம். செங்கோடன் இறங்கிப் போய்க் கெஞ்சிக்கூடப் பார்த்தார். வாழ்நாளில் எந்த செக்போஸ்ட்டிலும் அவர் அப்படிக் கெஞ்சியதில்லை. மூன்றாவது பாதை ஓடையில் இறங்கியது. ஜீப் அதைக் கடக்காது.

முப்பத்தோரு வருடத்தில் எத்தனையோ சரக்குகளை எங்கெங்கோ கொண்டு சேர்த்திருக்கிறார். ஒன்றைக்கூட வழியில் தவறவிட்டதில்லை. மின்கம்பி இருக்குமே, மரம் இருக்குமே என்று மனம் அடித்துக்கொண்டது. புல்லுக்கட்டோடு வந்த ஒரு பெண்ணிடம், மஞ்சளா ஒண்ணு போச்சே பார்த்தீங்களா தாயி என்று கேட்டார். அவள் மோவாயால் ஒரு மண்பாதையைக் காட்டினாள்.

மண்பாதை முட்டைக்கோஸ் தோட்டத்தில் போய் முடிந்தது. தோட்டத்துக்கு அப்பால் தரிசு நிலத்தில் பலூன் காற்று இறங்கிக் கிடந்தது. ஜெரால்டு துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். உலகம்மை வரப்பில் உட்கார்ந்து, தோட்டத்துக்காரர் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

செங்கோடன் ஜீப்பை நிறுத்தினார். இறங்கி ஓடினார். பக்கத்தில் போனதும் உலகம்மையின் கால்களைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார்.

"அடி கிடி ஒண்ணும் படலீங்களே?"

"இல்லை. உட்காருங்க."

உட்கார்ந்தார். உலகம்மை தன் டீயில் பாதியைப் பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்டார்.

"ரொம்ப அலைஞ்சீங்களா?"

"ஆமாங்க."

"எதுக்கு அலையணும்? மைதானத்துலயே இருந்திருக்கலாமே. நானா திரும்பி வந்தா வேண்டாம்னா சொல்லப் போறீங்க?"

செங்கோடனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னங்கம்மா பேசறீங்க? காத்து கொண்டாந்து இங்க போட்டிருக்குது. இதுல இருந்து எப்படிங்க நீங்களா திரும்புவீங்க? பின்னாலயே வர்றேன்னு ஏத்துக்கிட்ட ஆளு நானு. நானில்ல வந்து..."

பாதியில் நின்றுவிட்டார்.

தோட்டத்தில் யாரோ தண்ணீர் திருப்பினார்கள். அது வாய்க்காலில் மெல்ல ஊர்ந்து வந்து, அவர்கள் உட்கார்ந்திருந்த வரப்பைத் தாண்டிப் போயிற்று. செங்கோடன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். உலகம்மை அவர் பக்கம் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செங்கோடன் துண்டை இறக்கினார்.

"இங்கிருந்து ஓசூருக்கு எப்படிங்க போகணும்?"

"கீழே போனா சேலம் பஸ் வரும். அங்க மாறிக்கலாம். ஜீப்பை ஜெரால்டு ஓட்டிக்குவார்."

"குடிலுக்கு வந்து ஒரு சட்டையாவது எடுத்துக்கிட்டு..."

"இந்தச் சட்டைக்கு என்ன?"

செங்கோடன் எழுந்தார். நாலடி போய் நின்றார். மகளுடைய முகவரி தெரியும், அவள் அம்மா செத்தபோது வந்த கடிதத்தின் பின்பக்கம் இருந்தது, இன்னும் மறக்கவில்லை என்று சொன்னார். வீடு மாறியிருக்கலாம் என்றார். மருமகன் பெயரைக்கூட ஒரு தடவையும் வாயால் சொன்னதில்லை என்றார். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, குரல் இறங்கிக் கேட்டார்.

"பதினோரு வருசமுங்க அம்மா. எல்லாமே நான் பண்ணுன தப்பு. என் முகத்துல முழிக்க மாட்டேன்னுட்டா?"

உலகம்மை எழுந்து வந்து, அவருடைய சட்டைக் காலரில் ஒட்டியிருந்த ஒரு முள்ளை எடுத்துப் போட்டார்.

"மேல போனதும் எனக்குப் பயமாயிருச்சு. யாருக்கும் தெரியாத இடத்துல போய் விழுந்துடுவோமோன்னு. அப்ப கீழே பார்த்தேன். நீங்க ஒரு தப்பான ரோட்டுல போறீங்க, திரும்பறீங்க. இன்னொரு தப்பான ரோட்டுல போறீங்க, மறுபடி திரும்பறீங்க. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்குப் பயம் போச்சு."