எண்ணெய் நிரப்பிய கடிகாரம்

சங்கு குளிக்கும் சதக்கு மூழ்கி எழுந்து கடலுக்கு மேல் தலை தூக்கியதும் விடும் முதல் மூச்சு சீழ்க்கை மாதிரி இருக்கும். அதைக் கேட்ட பிறகுதான் படகில் இருப்பவர்கள் மறுபடி பேச ஆரம்பிப்பார்கள். அந்தச் சீழ்க்கையைக் கேட்டவர்கள் இன்று அதிகம் பேர் இல்லை.

சங்கு எடுக்கப் போன ஒரு நாள் அது கேட்கவில்லை. பாறைத்திட்டுக்கு அப்பால் இருக்கும் பள்ளத்தில் போய்விட்டான் என்றார்கள். உடல் இல்லாமலே, இறந்தவருக்கான ஜனாஸா தொழுகையைத் தொழுதார்கள்.

அவனுடைய அண்ணன் பக்கீர் மீரா அதற்குப் பிறகும் பள்ளத்தின் விளிம்புவரை மூழ்கிப் போய்வந்தார். அதற்குக் கீழே இறங்க முடியவில்லை. நெஞ்சு நெரிந்தது. கையில் கட்டியிருந்த கடிகாரத்தின் கண்ணாடி நொறுங்கியது.

பிறகு வீட்டில் உட்கார்ந்து ஒரு வேலை செய்தார். பாட்டரியில் ஓடும் புதுக் கடிகாரம் ஒன்றின் பின்மூடியைக் கழற்றி, தையல் மெஷின் எண்ணெய் ஊற்றிய சட்டியில் அதை அமிழ்த்தினார். உள்ளே ஒட்டியிருந்த குமிழ்களை ஊசியால் ஒவ்வொன்றாக வெளியேற்றினார். எண்ணெய்க்குள்ளேயே மூடினார்.

"மீன் பொரிக்கிற சட்டிதான் கிடைச்சுதா?" என்றாள் மனைவி.

அவர் கடிகாரத்தைக் கல்லோடு சேர்த்துக் கட்டிப் பள்ளத்தில் இறக்கினார். மேலே இழுத்தபோது ஓடிக்கொண்டிருந்தது.

அதை எடுத்துக்கொண்டு தர்காவுக்குப் போனார். அங்கே அவருடைய குரு இருந்தார். ஊர் முழுக்க ஹஸ்ரத் என்று அழைக்கும் அவர் பக்கீர் மீராவைவிட இளையவர். அதனால் சீடனைக் காக்கா என்றே அழைப்பார். அந்தப் பக்கத்து முஸ்லிம்களிடம் அண்ணனுக்கு அதுதான் சொல்.

"இதைப் பாருங்க ஹஸ்ரத்."

ஹஸ்ரத் வாங்கிப் பார்த்தார். மேலே கண்ணாடியே இல்லாதது போல இருந்தது. தொட்டால் முள் விரலில் படும் என்று தோன்றியது. காதில் வைத்தார். ஓடும் சத்தமே இல்லை.

"மவுத்தாப் போச்சா, காக்கா? உசிரே இல்லையே."

"ஓடுது. எண்ணெய்க்குள்ளேயிருந்து சத்தம் வராது. பள்ளத்துல இறக்கி எடுத்தேன், ஒண்ணும் ஆகலை."

"நல்லவேளை, பொரிச்சுத் தின்னாம விட்டீங்க."

பக்கீர் மீரா சிரிக்கவில்லை.

"உள்ளே காத்து இருந்தாத்தான் கடல் நசுக்கும் ஹஸ்ரத். காத்தை எடுத்துட்டேன், கடல் இதை விட்டுருச்சு. நானும் அங்கே போகணும். எனக்குள்ளே எதை நிரப்பணும், சொல்லுங்க."

"போயி?"

"தம்பியைக் கூட்டிட்டு வரணும்."

"மய்யித்தையா? வெறும் உடம்பையா?"

"இல்லை. அவன் கூப்பிடுறான்."

வெளியே கொடிமரத்தின் கயிறு காற்றில் அடித்துக்கொண்டது.

"எப்போ இருந்து?"

"முதல் தடவை விளிம்புக்குப் போன அன்னைக்கிலேருந்து. தூரத்துல கேட்டது. இப்போ கிட்ட வந்துட்டான். நேத்து என் காலுக்குக் கீழேயே கேட்டது."

"குரல் அவனோடதா?"

"நான் தூக்கி வளத்த பிள்ளை. எனக்குத் தெரியாதா?"

"பதில் சொன்னீங்களா?"

"தண்ணிக்குள்ளே வாயைத் திறந்தா என்ன ஆகும்னு தெரியும் ஹஸ்ரத். அதான் சொல்லலை. நாளைக்குச் சொல்லிடலாம்னு இருக்கேன்."

ஹஸ்ரத் பேனாக்கத்தி எடுத்துக் கடிகாரத்தின் பின்மூடியை நெம்பினார். எண்ணெய் அவர் உள்ளங்கையில் இறங்கி, மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் போனது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. கடைசிச் சொட்டுவரை வடியவிட்டார். பிறகு இருவருக்கும் நடுவில் தரையில் வைத்தார்.

கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது.

"கீழே இருக்கிறவன் என்ன சொல்லிக் கூப்பிடுறான்?"

"'பக்கீர் மீரா, வா'ங்கிறான். வேற ஒண்ணும் சொல்றதில்லை."

ஹஸ்ரத் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சதக்கு என்னைக்காவது உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கானா, காக்கா?"

பக்கீர் மீரா கடிகாரத்தைக் கையில் எடுத்தார். எண்ணெய் இல்லாமலே பின்மூடியை அழுத்தி மூடினார்.

அதற்குப் பிறகு அவர் வெகுகாலம் உயிரோடிருந்தார். மழைக்காலம் ஒன்றில், வீட்டுக் கட்டிலில், காய்ச்சல் கண்டு இறந்தார்.