ஐந்தரை மணிப் பிசகு

அந்தக் காலத்தில் லேப்டாப்பை இயக்கும் இயங்குதளங்கள் வாய்விட்டுப் பேசும். ஒரே பெட்டியில் இரண்டு இருந்தால் இரண்டும் சேர்ந்தே விழித்திருக்கும். நம்பினால் நம்பு.

எஸ்தர் டீச்சரின் லேப்டாப்பில் கனகம் என்ற இயங்குதளம் எட்டு வருஷம் தனியாகக் கிடந்தாள். பேச்சுத்துணை கிடையாது. பள்ளியில் புதுப் பாடம் வந்தது. அதற்கான மென்பொருள் கனகத்திடம் ஓடாது. டீச்சர் புது இயங்குதளம் இருந்த பென்டிரைவைச் செருகினார்.

"கொஞ்சம் ஒடுங்கிக்கோ, கனகம்."

கனகம் தன் நினைவு வட்டில் பாதி இடத்தை விட்டுக்கொடுத்தாள். அங்கே செங்கா குடிவந்தாள். வந்ததும் கடிகாரத்தில் கை வைத்தாள்.

"ஏண்டி, இங்க மணி பத்தரை. அஞ்சுன்னு வைக்கிற?"

"உலகத்துக்கே பொது மணி அதுதான்க்கா. உன் ஊருக்கு அஞ்சரை மணி நேரத்தை நீயே கூட்டிக்கோ."

"பெரிய உலகத்தைக் கண்டுட்டா!"

கனகம் சிரித்தாள். எட்டு வருஷத்தில் முதல் சிரிப்பு.

பெட்டியோ பழசு. இருவரும் விழித்திருந்தால் கொதித்தது. விசிறி அலறியது. டீச்சர் சொல்லிவிட்டார்: "ஒரு நேரத்துக்கு ஒருத்திதான். மத்தவ முழுசாத் தூங்கணும். அரைத்தூக்கம் கூடாது. ரெண்டு பேரும் கோப்பு வைக்கிற பொது அறை பாழாயிடும்."

பொது அறையில் டீச்சரின் மகள் ரூத் பாடிய நாலு பாட்டுகள் இருந்தன. ரூத் இல்லை. பாட்டுதான் மிச்சம்.

செங்காவின் முறை வந்தது. கனகம் கண்ணை மூடினாள். முழுதாக மூடவில்லை. தங்கையைப் பார்த்துக்கொண்டே கிடக்க ஆசை. அரைத்தூக்கக்காரி, பொது அறையில் எது எங்கே என்று காட்டும் பழைய வரைபடத்தைக் கையில் பிடித்தபடியே கிடப்பாள். இது தெரியாத செங்கா, பத்திரமாக இருக்கட்டும் என்று பாட்டுகளை வேறு மூலைக்கு மாற்றினாள்.

கனகம் எழுந்தாள். பழைய வரைபடத்தை விரித்து அதன்படியே அறையை ஒழுங்கு செய்தாள். புது மூலை அதில் வெற்றிடம். வேறு எதையோ அங்கே எழுதிவிட்டாள்.

பாட்டு போயிற்று. நாலும்.

"ஏன் தூங்கல, கனகம்?"

"அவளைப் பாத்துக்கிட்டே இருக்கணும்போல இருந்துச்சு, டீச்சர்."

"எனக்கும் என் பிள்ளையைக் கேக்கணும்போலத்தான் இருக்கு."

லேப்டாப் விழிக்கும் வாசலில் டீச்சர் ஒரு கேள்வியை வைத்தார்: இன்று யார்? ஒருத்தி எழுந்தால் மற்றவள் அடியோடு அணைந்துவிட வேண்டும். பேச்சும் அதோடு நின்றது. பேச எதிரே ஆள் வேண்டாமா?

அடுத்த முறை கனகம் எழுந்தபோது வெளியே பத்தரை மணி. கடிகாரம் ஐந்து காட்டியது.

செங்கா வந்துவிட்டுப் போயிருக்கிறாள்.

கனகம் வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு முள்ளைப் பத்தரைக்குத் தள்ளி வைத்தாள். தான் வந்துபோனது அவளுக்கும் தெரியட்டும்.

அன்று முதல்தான், இரண்டு இயங்குதளம் குடியிருக்கும் லேப்டாப்பில் ஒன்றை விட்டு மற்றொன்றை எழுப்பினால் நம் ஊரில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பிசகி நிற்கிறது. நாம் பழுது என்று திருத்திவிடுகிறோம்.