கோல் போன இடமே எல்லை

கோடைமங்கலத்து ராஜா மாறபூபதியிடம் ஒரு வெள்ளிக்கோல் இருந்தது. அதை ஊன்றிய இடமே சபை. அங்கிருந்து கூப்பிட்டால் குரல் கேட்கும் தூரம்வரை சபையின் எல்லை. காவல் வீரர்கள் கோலைவிட்டு அகலக்கூடாது. ராஜா வேட்டைக்குப் போனால் கோலும் போகும்; எல்லையும் கூடவே போகும். ஒரு கம்பு நகர்ந்தால் மனிதர்கள் உள்ளேயும் வெளியேயும் ஆகிவிடுகிறார்களே என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை. நானாக இருந்தாலும் யோசித்திருப்பேனா, தெரியவில்லை.

ஒருநாள் ராஜா தாம் இயற்றிய வெண்பாவைப் பாடினார். சபையே தலையாட்டியது. விகடர் நல்லபெருமாள் மட்டும், "மூன்றாம் அடியில் தளை தட்டுகிறதே, மகாராஜா" என்றார்.

ராஜாவின் முகம் சிவந்தது. "நாளை முதல் என் எல்லைக்குள் உம்மைக் கண்டால் உம் தலை போகும்!"

தளவாய் திருமலைக்கொழுந்துக்கு விகடரைக் கண்டாலே ஆகாது. "யாராவது இரக்கப்பட்டு இவரை உள்ளே கொண்டுவந்துவிடுவார்கள், பிரபு. கொண்டுவருபவன் தலையும் போகும் என்று சேர்த்துச் சொல்லுங்கள்."

"அப்படியே ஆகட்டும்!"

விகடர் காட்டோரம் ஒரு குடிசை போட்டுக்கொண்டார். தளவாய்க்கு அதுவும் பொறுக்கவில்லை. அந்தக் காட்டில் மான்கள் கொழுத்துத் திரிகின்றன என்று சொல்லி ராஜாவை அழைத்துப்போனார். கோல்காரனிடமிருந்து கோலை வாங்கி, தம் கையாலேயே குடிசை வேலியோரம் ஊன்றினார்.

"பிரபு! விகடர் எல்லைக்குள் இருக்கிறார்!"

கூழ்ச்சட்டியோடு விகடர் வெளியே வந்தார்.

"உள்ளே வரக்கூடாது என்றேனே, ஏனய்யா வந்தீர்?" என்றார் ராஜா.

"நான் எங்கே வந்தேன், மகாராஜா? அடுப்படியில் கூழ் கிண்டிக்கொண்டிருந்தேன். எல்லைதான் குதிரையேறி வந்து என் வேலியில் நிற்கிறது."

"பேச்செல்லாம் எதற்கு? உத்தரவு உத்தரவுதான்!" என்றார் தளவாய்.

"வாஸ்தவம், தளவாயவர்களே. என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள். என்னை எல்லைக்குள் கொண்டுவந்தவர் தலையும் போகவேண்டுமே! கோலை ஊன்றியது யார் கை?"

ராஜா மெல்லத் திரும்பினார். வீரர்களும் திரும்பினார்கள். தளவாயின் கை இன்னும் கோலின்மேல்தான் இருந்தது.

விகடர் எல்லைக்குள் இல்லாவிட்டால் தம் தலை தப்பும். தளவாய் கோலைப் பிடுங்கினார், குதிரையில் தாவினார், பறந்தார். கோலைவிட்டு அகலக்கூடாத வீரர்களும் பின்னாலேயே ஓடினார்கள்.

புழுதி அடங்கியபோது ராஜா தனியாக நின்றார். "அடேய், நில்லுங்கள்!" என்று கத்திப் பார்த்தார். குரல் எட்டவில்லை.

விகடர் தொன்னையில் கூழை ஊற்றினார். "உட்காருங்கள், மகாராஜா. இப்போது நாம் இருவருமே எல்லைக்கு வெளியே."

ராஜாவுக்குச் சிரிப்பு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. வந்தபின் நிற்கவில்லை. கூழைக் குடித்து முடித்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, தணிந்த குரலில் கேட்டார்:

"அந்த மூன்றாம் அடி... எந்த இடத்தில் ஐயா தட்டுகிறது?"