கடுகுப்புள்ளித் துணி

மரகதவல்லிக்கு வயது ஐம்பத்தாறு. அவளுடைய குரு சாந்தலிங்க அடிகள் அவளைவிட இளையவர். ஒரு மாதமாக அவள் தியானத்துக்கு வரவில்லை. துணிக்கடை துணிக்கடையாக ஏறி இறங்கினாள். அவளைக் கண்டால் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்காத குறைதான்.

அன்று மடத்துக்குள் ஓடி வந்தவள் வணங்கவும் மறந்தாள். கையிலிருந்த துண்டுத் துணியை அவர்முன் விரித்தாள். வெள்ளைப் பருத்தி. மேலே கடுகு ஒட்டினாற்போலச் சின்னச் சின்னப் புடைப்புகள்.

"கெடச்சிருச்சு சாமி. பூங்கோதை கவுன் இதே துணிதான். என் விரலுக்குத் தெரியும்."

பூங்கோதை அவள் தங்கை. சின்ன வயதில், தேர்க்கூட்டத்தில், மரகதவல்லி பிடித்திருந்த கவுன் நழுவித் தொலைந்துபோனவள். போன மாதம் லூர்துமேரி என்று ஒருத்தி தேடி வந்து, "நான்தான் அது" என்றாள். மரகதவல்லி அழவில்லை. அன்றைக்கு என்ன துணி போட்டிருந்தாய் என்று கேட்டாள்.

"அதுக்கு என்ன சொன்னாங்க?" என்றார் அடிகள்.

"வெள்ளைன்னாங்க. புள்ளி எதுவும் ஞாபகமில்லையாம். ஒரே அரிப்பாம், சொறிஞ்சுக்கிட்டே இருந்தாங்களாம். இதுவா சாமி அரிக்கும்? தொட்டுப் பாருங்க, எவ்வளவு மெத்துனு இருக்கு."

"அவங்க இப்ப எங்க?"

"பதில் கேக்க மறுபடி வந்து வாசல்ல நிக்கறாங்க. பஸ் வந்தா கெளம்பிருவாங்க. போகச் சொல்லிரட்டுமா? யாரோ ஒருத்தரை வீட்ல சேத்துக்கிட்டு, நாளைக்கு நெஜமான பூங்கோதை வந்து நின்னா நான் எந்த மூஞ்சியோட பாப்பேன்?"

சேர்க்கவும் பயம், அனுப்பவும் பயம். பாவம், அந்த மாதம் முழுக்க அவள் சரியாகத் தூங்கவில்லை.

"ரொம்ப வேர்க்குது உங்களுக்கு," என்றார் அடிகள். "அதைக் கழுத்தைச் சுத்திப் போட்டுக்கிட்டு உக்காருங்க."

புள்ளிகள் வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே லூர்துமேரி தெரிந்தாள். பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சாலையையே பார்த்திருந்தாள். எங்கோ பஸ் ஹாரன் கேட்டது.

மரகதவல்லி கழுத்தைச் சொறிந்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சொறிந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சாமி, அரிக்குது..."

சொன்னவள் அப்படியே நிறுத்தினாள். துணியை உருவித் திருப்பினாள். ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் வெட்டிவிட்ட நூல்முனை விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தது.

"கூட்டத்துல கவுனை எங்க புடிச்சிருந்தீங்க?" என்று கேட்டார் அடிகள்.

"முதுகுல சாமி. வெளிப்பக்கமா."

"அவங்க உள்ள இருந்தாங்கம்மா."