தொட்டால் நகர்த்து என்றார் மன்னர்

“தொட்டார்! குதிரையைத் தொட்டார்! என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்!” என்று அமைச்சர் இருங்கோளர் தாம் உட்கார்ந்திருந்த திண்டைப் பளார் பளாரென்று அறைந்தார்.

“கொட்டாவி விட்டேன் ஐயா, விரல் பட்டுவிட்டது. அதற்கா இந்தக் கூப்பாடு?” என்றான் விகடகவி மருதப்பன்.

முன்னொரு காலத்தில், ஊர் பேர் யாருக்கும் நினைவில்லாத ஒரு தேசத்தில், மன்னர் சதுரங்கப் பித்துப் பிடித்துப் போட்டி வைத்தார். நன்றாக ஆடுகிறவர்கள், அமைச்சரை ஜெயித்து வம்பை விலைக்கு வாங்குவானேன் என்று காய்ச்சல், பேதி என்று படுத்துக்கொண்டார்கள். மிஞ்சியது இந்த இரண்டு அரைகுறைகள். தோற்றவன் தேசத்தை விட்டே போக வேண்டும். அது அமைச்சர் ஓதிய நிபந்தனை. மருதப்பனுக்கோ தோட்டக்காரர் மகள் வடிவோடு தை மாதம் கல்யாணம்!

மத்தியான வெயில், மகிழம்பூ வாசனை, சாமரக் காற்று. மன்னர் சிங்காதனத்திலேயே கண்ணயர்ந்தார். மருதப்பனும் பலகையைப் பார்ப்பதுபோல வடிவின் மூக்குத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டங்களெல்லாம் குளமாகி, குதிரைகள் அதில் மெல்ல நீந்தின. அந்த நேரத்தில்தான் அவனுடைய வெள்ளை யானை ஒன்று காணாமல் போயிற்று.

மன்னர் திடுக்கிட்டு விழித்தார். “கனவில் காய்களெல்லாம் நிலவொளியில் வந்து அழுதன. தொட்டு ஆசைகாட்டிவிட்டு, நகர்த்தாமல் விட்டுவிடுகிறார்களாம்! ஒரு வெள்ளை யானை மட்டும் ஏனோ வரவில்லை. இந்தக் கணம் முதல், ஆடுகிறவர் கை எதில் பட்டாலும் அதை நகர்த்தியே தீர வேண்டும். இது நம் ஆணை!”

அதன்பிறகு வந்ததுதான் அந்தக் கொட்டாவி. குதிரை நகர்ந்தால் மருதப்பனின் ராஜா அம்பேல், வடிவும் போனாள்.

அவன் பலகையைப் பார்த்தான். யானை இல்லை. அமைச்சரைப் பார்த்தான். மனுஷர் கவிழப்போகிற ஓடம் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார்.

“அரசே, கை எதில் பட்டாலும் என்றுதானே ஆணை?”

“எதில் பட்டாலும்!”

“அடியேன் குதிரையை நகர்த்துகிறேன். அமைச்சர் பெருமானும் தாம் அறைந்த திண்டை நகர்த்தட்டும்.”

“விதண்டாவாதம்!” என்று இருங்கோளர் திண்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“அதோ, இன்னும் தொடுகிறார்!”

“நகர்த்தும் ஐயா!” என்றார் மன்னர்.

திண்டு நகர்ந்தது. அடியில் நசுங்கிப் படுத்திருந்தது வெள்ளை யானை.

மன்னர் கிரீடம் நழுவச் சிரித்தார். “பாவம், இவரைச் சுமந்துகொண்டு அது எப்படி என் கனவுக்கு வரும்!”

ஆட்டம் மருதப்பனுக்கே என்று தீர்ப்பாயிற்று. தை பிறந்ததும் வடிவின் கழுத்தில் தாலியோடு மன்னர் தந்த முத்துமாலையும் ஏறியது. இருங்கோளர் நிபந்தனைப்படி தேசத்தை விட்டு, அயல்தேசக் கடற்கரையில் மாமனார் வீட்டோடு போய்விட்டார். அங்கே அவருக்குத் திண்டு போடுவதில்லையாம், பாய்தானாம்.