மீசை வைத்த பூசணிக்காய்

அந்தக் காலத்தில் காய்கறிகளுக்கும் வாய் இருந்தது. அதனால் சமைக்கிறவர்கள் பாடு பெரும் திண்டாட்டம். கத்தரிக்காய் திட்டும், வெண்டைக்காய் கெஞ்சும், பாகற்காய் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராது.

அப்போது பூங்காவனம் என்பவள் வீட்டுக் கூரையில் ஒரு வெண்பூசணி காய்த்திருந்தது. நல்ல வாட்டசாட்டமான காய். வெயில் காய்ந்துகொண்டு, தெருவில் போகிற வருகிறவர்களைக் கிண்டலடித்துக்கொண்டு, சுகமாகப் பொழுதைப் போக்கியது. ஒரு நாள் காலையில் கீழே இடி இடித்தது. பார்த்தால் இடி இல்லை, பூங்காவனத்தின் மாமனார் அங்கமுத்து.

“மத்தியானம் பூசணிக்காய் மோர்க்குழம்பு வச்சிரு. இல்லேன்னா நடக்கிறதே வேற!”

பூசணியின் விதையெல்லாம் ஆடிப்போயிற்று. பூங்காவனம் அதை இறக்கி அடுப்படியில் வைத்துவிட்டு, அரிவாள்மணையைக் கழுவக் கிணற்றடிக்குப் போனாள். அடுப்படியில் அவள் மகள் வள்ளிக்கண்ணு மட்டும் கரித்துண்டால் தரையில் கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

“என் தங்கமே, என்னைக் காப்பாத்து!” என்றது பூசணி. “பார்த்தா உங்கம்மா நடுங்கிப்போற மாதிரி எனக்கு ஒரு மூஞ்சி வரைஞ்சு விடு.”

வள்ளிக்கண்ணு யோசித்தாள். அவள் பேயைப் பார்த்ததில்லை. புலியையும் பார்த்ததில்லை. அந்த வீட்டில் எல்லோரையும் நடுங்க வைக்கிற மூஞ்சி ஒன்றுதான் அவளுக்குத் தெரியும்.

“சரி, ஆடாம இரு.”

காயின் மேலிருந்த வெள்ளைப் பொடியைப் பாவாடையால் துடைத்தாள். பூசணிக்குக் கிச்சுக்கிச்சு மூட்டியது. உயிர் போகிற நேரத்திலும் சிரித்துத் தொலைத்தது. சுண்ணாம்பில் இரண்டு முட்டைக் கண் போட்டாள். கரியை நீரில் குழைத்து, காது வரைக்கும் மீசையை இழுத்தாள். மஞ்சளோடு சுண்ணாம்பைப் பிசைந்ததும் சிவப்பு வந்தது. கோபம் வந்தால் தாத்தா நாக்கைத் துருத்திக் கடிப்பாரே, அதையும் விடாமல் வரைந்தாள்.

“யாரு மூஞ்சிம்மா இது?” என்று கேட்கப் பார்த்தது பூசணி. நாக்குதான் வெளியே வந்துவிட்டதே, பேச்சு எங்கே வரும்?

பூங்காவனம் திரும்பி வந்தாள். அரிவாள்மணையில் உட்கார்ந்து காயைத் தூக்கியவள், அதன் முகத்தைப் பார்த்தாள்.

“ஐயோ, மாமா!”

சட்டென்று காயைக் கீழே வைத்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து நின்றாள். அரிவாள்மணையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். பூசணிக்காய்தான் என்று தெரிந்த பிறகும் கை வரவில்லை. மாமனார் தலையை எந்த மருமகள் அறுப்பாள்? ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் மரியாதையாக உட்கார வைத்தாள். காயே போடாமல் மோர்க்குழம்பை இறக்கினாள்.

மத்தியானம் அங்கமுத்து சாப்பிட உட்கார்ந்து, குழம்பைத் துழாவினார்.

“எங்கே பூசணிக்காய்?”

பூங்காவனம் பலகையைக் காட்டினாள். பூசணிக்கு உயிரே இல்லை. கெஞ்சலாம் என்றால் நாக்கு உள்ளே போக மறுத்தது.

அங்கமுத்து அருகில் போய்ப் பார்த்தார். அந்தக் காலத்தில் கண்ணாடி கிடையாது. தன் முகத்தை அவர் கிணற்றுத் தண்ணீரில்தான் பார்த்திருந்தார், அங்கே அது எப்போதும் நெளிந்துகொண்டே இருக்கும்.

“யாருடா இவன்? என்ன மீசை! என்ன முறைப்பு! இவனைத் தாண்டி எந்தக் கொள்ளிக்கண் உள்ளே வரும்? இவனை வெட்டாதே, வாசலில் கட்டு!”

பூசணிக்கு நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதி. அவரே கயிறு கொண்டுவந்து, வாசல் நிலைக்கு மேலே அதைத் தொங்கவிட்டார். கீழே இறங்கி இன்னொரு முறை நிமிர்ந்து பார்த்தவர் முகம் கொஞ்சம் வாடியது.

“ஆனாலும் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு கோபம் ஆகாது. பாவம், இவன் வீட்டு ஆளுங்க எப்படித்தான் குப்பை கொட்டுறாங்களோ!”

பூங்காவனம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். வள்ளிக்கண்ணு மட்டும் தாத்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, “ஆமா தாத்தா, ரொம்பப் பாவம்” என்றாள்.

அன்று முதல்தான் பூசணிக்காய் மீசையும் முட்டைக் கண்ணும் துருத்திய நாக்குமாக வாசலில் தொங்குகிறது. அதன் கீழே நின்று வீட்டுப் பெரியவர், யாரைப் போலவோ இருக்கிறதே என்று இன்றைக்கும் யோசிக்கிறார்.